பின்னால் வரும் காருக்கும் ஒரு பிரேக்

கார் என்றால் அதை ஓட்ட ஓர் ஆள் இருக்கவேண்டும் என்பது ஊருலக நியாயம். அந்த வியாழக்கிழமை காலை கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளிப் பக்கம் போன வெள்ளை ஆல்ட்டோ அந்த நியாயத்துக்குக் கட்டுப்படவில்லை. அதன் மூக்கை ஒரு பழைய ரோசா ரக மினிபஸ்ஸின் வாலில் இரும்புச் சட்டத்தால் மாட்டியிருந்தார்கள். ஓட்டுநர் இருக்கை வெறுமையாக இருந்தது. இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், ஒரு கறுப்புப் பெட்டி குந்தியிருந்தது. பஸ் பிரேக் போடும்போதெல்லாம் பெட்டி தன் கையை நீட்டிக் காரின் பிரேக்கை மிதித்தது. இடப்பக்க இருக்கையில் நிரோஷா முதுகு வளைய உட்கார்ந்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனாள். பஸ் ஹோல்ட்டில் நின்ற சனம் வாயைப் பிளந்து பார்த்தது. ஒருவர் கையெடுத்துக் கும்பிடவும் செய்தார்.

பஸ் வெள்ளவத்தை மர்ஸூக் நானாவுடையது. திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருப்பவர். நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. பஸ்ஸை வாங்கினார், ஆசனங்களைக் கழற்றினார், கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், குளியலறைகூட வைத்தார். வீட்டைச் சக்கரத்தில் ஏற்றியாயிற்று. ஆனால் போன இடத்தில் அரை இறாத்தல் பாண் வாங்க வேண்டுமென்றாலும் வீட்டோடுதான் போகவேண்டும் என்பது முதல் பயணத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் மனைவி ஷபீகாவின் காரைப் பின்னால் கட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தார். கட்டலாம். ஆனால் இறக்கத்தில் எழுநூறு கிலோ கார் பஸ்ஸைப் பின்னாலிருந்து தள்ளும். பஸ்ஸின் பிரேக் இரண்டு வண்டிகளின் பாரத்தைச் சுமந்து சூடேறி, கடைசியில் ஒன்றையும் பிடிக்காது. அதற்காகத்தான் பெட்டி. அவுஸ்திரேலியாவிலிருந்த மைத்துனர் அனுப்பிவைத்தது. கூடவே வந்த புத்தகத்தில் இருபது வகைக் கார்கள் இருந்தன, ஆல்ட்டோ மட்டும் இல்லை.

அந்த வேலை நோபேட்டின் கராஜுக்கு வந்தது. நோபேட் அதை நிரோஷாவிடம் விட்டார். நிரோஷா மலைநாட்டுப் புசல்லாவைக்காரி. முப்பத்தொரு வயது. வயரிங் வேலைக்கென்று வந்து சேர்ந்து, எட்டு வருடத்தில் அந்தக் கராஜில் அவள் கை படாத சாமான் இல்லை என்றாகிவிட்டது. இங்கிலிஷ் புத்தகத்தை மூன்று தரம் படித்தாள். பெட்டியில் இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று எவ்வளவு பலமாக மிதிப்பது என்பதற்கு, மற்றது எப்போது மிதிப்பது என்பதற்கு. பலம் கூடினால் காரின் டயர் பூட்டிக்கொண்டு றோட்டில் தேயும், குறைந்தால் பெட்டி இருந்தும் இல்லாத கதைதான். நேரத்தை மிக நுணுக்கமாக வைத்தால் காலிக்குப் போகும் நெரிசல் வீதியில் பத்தடிக்கு ஒரு தரம் மிதித்து, மொறட்டுவை போவதற்குள் காரின் பிரேக் கட்டைகளைக் கரித்துவிடும். இன்னொன்றும் உண்டு. இன்ஜின் ஓடாத காரில் பிரேக் பெடலை நாலைந்து தரம் மிதித்தால்தான் உள்ளே மிச்சமிருக்கும் காற்றிழுப்புத் தீர்ந்து பெடல் இறுகும். அந்த இறுக்கத்தில்தான் பெட்டியைச் சரிசெய்யவேண்டும். பயணத்தில் அது அந்த இறுகின பெடலைத்தான் மிதிக்கப் போகிறது.

இதையெல்லாம் அவள் சரியாகவே செய்தாள். ஆனாலும் புதன்கிழமை மட்டக்குளிப் பாலத்து இறக்கத்தில் கார் பஸ்ஸைத் தள்ளியது. பஸ்ஸில் நோபேட்டின் கண்ணெதிரே ஒட்டியிருந்த சின்ன விளக்கு, பெட்டி மிதிக்கிறது என்று பச்சையாக எரிந்துகொண்டுதான் இருந்தது. மிதிக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை. திருகை ஒரு சுற்றுக் கூட்டினாள். அதே கதை. இன்னொரு சுற்று. அதே கதை. நாலாம் தரம் காருக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது.

பெட்டி முன்னால் தள்ளவேண்டுமென்றால் அதன் முதுகு இருக்கையில் ஊன்றியிருக்கவேண்டும். இந்தக் காரின் இருக்கையில் பொலித்தீன் இருந்தது. ஜப்பானிலிருந்து வந்த நாள் போட்டிருந்த அதே பொலித்தீன், மூன்று வருடமாக அப்படியே. இது ஷபீகாவின் தனிக் குற்றமல்ல. நம்மவர்கள் ரிமோட்டைப் பொலித்தீனோடு அமுக்குவார்கள், செற்றியில் பொலித்தீனோடு உட்கார்ந்து வேர்த்து வழிவார்கள், கழற்றினால் சாமான் பழசாகிவிடும் என்பார்கள். பெட்டி பெடலை அழுத்த, பெடல் திருப்பி அழுத்த, பெட்டியின் முதுகு வழுவழுத்த பொலித்தீனில் வழுக்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாதிப் பலம் அந்த வழுக்கலிலேயே போய்விட்டது.

கழற்றினால் தீர்ந்தது. ஆனால் ஷபீகாவிடம் யார் கேட்பது? திங்கட்கிழமை கதவுப் பிடியில் ஒரு கிறீஸ் விரலடையாளம் இருந்ததற்காக அந்த மனுசி கராஜ் வாசலில் நின்று ஏசிய ஏச்சு, நிரோஷாவின் காதில் இன்னும் கிடந்தது. முன்கடைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்து நின்று கேட்டார். கிறீஸுக்கே அப்படியென்றால் பொலித்தீனுக்கு எப்படியிருக்கும்? ஒருவரிடமும் சொல்லாமல் ஓட்டுநர் இருக்கையின் பொலித்தீனை மட்டும் மெதுவாக உருவி, நாலாக மடித்து, டிக்கியில் ஸ்பெயார் டயருக்குப் பக்கத்தில் வைத்தாள். திருகுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். வியாழக்கிழமை அதே இறக்கத்தில் கார், பஸ் நிற்க நின்றது, பஸ் போகப் போனது. நோபேட் யன்னலால் தலையை நீட்டி, "எக்ஸலண்ட் பிள்ள!" என்று கத்தினார்.

நோபேட்டின் கராஜில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியைக் கையளிக்கும்போது முக்கியமான விஷயங்களை வாயால் சொல்லவேண்டும். சொன்னால் மட்டும் போதாது, வாடிக்கையாளர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். பிறகுதான் தாளில் சரி போடலாம். "தலையாட்டினவன் எல்லாம் கேட்டவன் இல்ல" என்பார் நோபேட். பெட்டிக்கு மூன்று விஷயங்கள் எழுதியிருந்தார்கள். பெடல் இறுகும்வரை மிதித்துவிட்டுப் பெட்டியை வைக்கவேண்டும். கியரை நியூட்ரலில் விட்டு, ஸ்டியரிங் பூட்டாதபடி சாவித் துவாரத்தில் திறப்பை ஒரு சுற்றுத் திருப்பி விடவேண்டும். பெட்டியின் முதுகுக்கும் இருக்கைத் துணிக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலை ஷபீகா வந்தார். முதல் இரண்டையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். மர்ஸூக் நானா பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள்ளே அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் கட்டிலுக்குச் சண்டை பிடித்தார்கள். மூன்றாவதைச் சொல்ல நிரோஷா வாயைத் திறந்தாள். சொன்னால் பொலித்தீன் எங்கே என்று கேட்பார். கார் ஏற்கெனவே பஸ்ஸில் கொழுவியாயிற்று, கதவும் பூட்டியாயிற்று. பெட்டியும் துணியில் சரியாக ஊன்றித்தான் இருக்கிறது. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

"அவ்வளவுதான் தாத்தா" என்றாள். முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கு நானா, அக்காவுக்குத் தாத்தா என்றுதான் பேர், அவளும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். மூன்றாவது கட்டத்திலும் ஒரு சரி போட்டாள். ஷபீகா கையெழுத்து வைத்தார். பஸ்ஸும் காரும் மலைமேல் நுவரெலியாவுக்குப் புறப்பட்டன.

சனிக்கிழமை பதினொன்றரை மணிபோல ஷபீகா போனுக்கு அனுப்பியிருந்த ஒரு போட்டோவை நிரோஷா பன்னிரண்டு மணிக்குத்தான் பார்த்தாள். மூன்று பிள்ளைகளும் குளிர்ச் சட்டையோடு காரைச் சுற்றி நின்றார்கள். பின்னால் பனிமூட்டம். கீழே எழுதியிருந்தது: 'ஒரே மழை. நாளைக்கு இல்ல, இண்டைக்கே இறங்குற. பெட்டி சூப்பர்.' நிரோஷாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளைகளின் முகங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் ஓட்டுநர் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெட்டியின் முதுகுக்குப் பின்னால், போனின் பிளாஷ் வெளிச்சத்தில், இருக்கை பளபளவென்று மின்னியது.

துணி அப்படி மின்னாது.

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே விளங்கியது. மேலே போய்க் காரைக் கழற்றியிருப்பார்கள். கடைக்குப் போய் லீக்ஸும் கரட்டும் வாங்கி டிக்கியைத் திறந்திருப்பார்கள். மடித்து வைத்த பொலித்தீன் கண்ணில் பட்டிருக்கும். ஷபீகா அதை எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டு, சொல்லிக்கொடுத்தபடி பெடலை மிதித்து, அதன் மேலேயே பெட்டியை வைத்திருப்பார்.

அந்த இறக்க றோட்டை நிரோஷாவுக்குத் தெரியும். புசல்லாவையிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையும் றம்பொடை வளைவுகளில் பிரேக் கருகும் வாசம் பஸ்ஸுக்குள்ளே வரும். பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு முன்கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். இப்போது அந்த இறக்கத்தில் ஐந்து பேர். பின்னால் தள்ளும் ஒரு கார். கண்ணெதிரே எல்லாம் சரி என்று எரியும் ஒரு பச்சை விளக்கு.

முதலில் அவள் செய்தது கோழை வேலை. 'தாத்தா, டிரைவர் சீட் பொலித்தீன கழட்டிட்டு பெட்டிய வைங்க' என்று எழுதி, கடைசியில் ஒரு சிரிப்பு முகமும் போட்டு அனுப்பினாள். இரண்டு சாம்பல் கோடுகள் விழுந்தன. நீலமாகவில்லை. ஒரு நிமிடம் பார்த்தாள், இரண்டு நிமிடம் பார்த்தாள். பிறகு எழும்பி நோபேட்டிடம் போனாள். அவர் மேசையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

போட்டோவைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"மூண்டாவத சொன்னனியா இல்லயா?"

"சொல்லல அண்ணே."

"தாள்ல சரி போட்டிருக்கு."

"நாந்தான் போட்டேன். அந்தம்மா ஏசும்னு பயந்து..."

நோபேட் ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பார்சலை மூடி ஒதுக்கி வைத்தார். "கோல் எடு. மற்றதப் பிறகு கதைப்பம்" என்றார். பிறகு தாளைத் தேடி எடுத்து மூன்றாவது சரியைக் குறுக்கே வெட்டினார். "இனி நான் சொல்லுமட்டும் நீ ஒரு தாளிலயும் சரி போடாத."

மர்ஸூக் நானாவின் போன் அடித்து ஓய்ந்தது. ஓட்டிக்கொண்டிருப்பார். ஷபீகாவின் போனுக்கு எடுத்தாள். முதல் தரம் லைனே போகவில்லை. இரண்டாம் தரம் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்தார்.

"ஆ, மகள்! போட்டோ பாத்தீங்களா?"

"தாத்தா, எங்க இருக்கீங்க?"

"லபுக்கலையில, றம்பொடைக்கு மேல. தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டினோம். அவர் சொல்ற, பஸ்ஸுட பிரேக் கொஞ்சம் மணக்குதாம். ஏத்தம் எறக்கம் எண்டா அப்டித்தானே?"

"அங்கேயே நில்லுங்க தாத்தா. எடுக்காதீங்க. டிரைவர் சீட்டுல இருக்கிற பொலித்தீன கழட்டணும். அது இருந்தா பெட்டி வழுக்குது, பிரேக் பிடிக்காது."

"ஓ, பொலித்தீனா? கொழும்புக்கு வந்து நேர்ல கேக்க வெச்சீந்தேன். நீங்களாவே கதைய எடுத்துட்டீங்க. எங்கட சாமான்ல கை வெக்க ஒங்களுக்கு ஆர் சொன்ன? டிக்கிக்குள்ள டயரோட போட்டு வெச்சீக்கி, பழந்துணி மாதிரி!"

"தாத்தா, தப்புத்தான், ஆனா இப்ப..."

"பிரேக்கெல்லாம் நல்லா வேல செய்யுது. பச்ச லைட் பத்துது. நான் பாத்துக் கொண்டுதான் வாற. போற வழிக்கெல்லாம் ஒண்டும் நடக்கல்ல, எறங்குறப்ப என்ன நடக்கப் போற?"

"போறப்ப பொலித்தீன் இல்ல தாத்தா, அதோட ஏத்தம். ஏத்தத்துல பிரேக் தேவையே இல்ல. அந்த லைட்டு பெட்டி கைய நீட்டுதான்னு மட்டுந்தான் காட்டும். கார் நிக்குதான்னு காட்டாது."

"எனக்கிட்ட இத நேத்து சொன்னில்ல தானே? ரெண்டு விஷயம் சொன்ன, ரெண்டையும் நான் செஞ்ச. மூணாவது ஒண்டு ஈக்கிறெண்டா சொல்லீப்பீங்க தானே? இப்ப பொலித்தீன் கிழிஞ்சிருச்சிபோல, அதுக்குக் கத கட்டுற."

இதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. நோபேட் மேசைக்கு அப்பால் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரோஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூணாவது ஒண்ணு இருந்துச்சு தாத்தா. ஒளிச்சிட்டேன். திங்கக்கிழம நீங்க ஏசுனது இன்னும் காதுக்குள்ள கெடந்துச்சு. பொலித்தீன கழட்டிட்டேன்னு சொன்னா வாசல்ல நின்னு ஏசுவீங்கன்னு பயந்து சொல்லல. சொன்ன மாதிரி தாள்ல சரியும் போட்டேன். நீங்க அதுக்குத்தான் கையெழுத்து வச்சீங்க. நான் புசல்லாவைக்காரி தாத்தா, அந்த எறக்கம் எனக்குத் தெரியும். பஸ் பிரேக் மணக்குதுன்னா கார் இப்பவே தள்ளுதுன்னு அர்த்தம். ஊருக்கு வந்து என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. இப்ப எறங்காதீங்க."

அந்தப் பக்கம் ஷபீகாவின் குரல், அவளிடம் அல்ல, உரத்து: "இந்தாங்க! பஸ்ஸ எடுக்காதீங்க! திறப்பக் கொண்டு வாங்க!"

அடுத்த அரை மணி நேரம் எல்லாம் வீடியோவில் நடந்தது. மூத்த மகள் ஜுமானா போனைப் பிடித்துக்கொண்டாள். மழை தூறியது. மர்ஸூக் நானா பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். ஷபீகா பொலித்தீனை உருவ முயன்றார். அது இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டு வரமறுத்தது. ஒரு கணம் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தார். அந்தச் சத்தம் கொட்டாஞ்சேனைவரை கேட்டது. மர்ஸூக் நானா பின்னாலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்தார். மூன்று வருடமாக முதுகு வேர்த்த மனிதர், அவருக்கும் சந்தோஷம் இருக்கத்தானே செய்யும். ஷபீகா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"பெடல மிதிங்க நானா. எத்தன தரம் மிதிச்சீங்க?"

"நாலு. இப்ப கல்லு மாதிரி ஈக்கி."

"பெட்டிய வைங்க. சீட்ட முன்னால தள்ளுங்க, முதுகு அமுங்கணும். இப்ப பெட்டிய ரெண்டு கையாலயும் மேல இழுத்துப் பாருங்க."

"அசயல்ல."

"பெட்டிய சோதிக்கிற சிவப்புப் பட்டன அமுக்குங்க. ஜுமானா, போன கீழ காட்டு, முதுகப் பாக்கணும்."

கை நீண்டது, பெடல் இறங்கியது. பெட்டியின் முதுகு துணியில் புதைந்து நின்ற இடத்திலேயே நின்றது. மூன்று தரம் அமுக்கச் சொன்னாள். மூன்று தரமும் பார்த்தாள். பிறகு பஸ் சில்லுகளின் சூடு ஆற இன்னும் அரை மணி நேரம் அங்கேயே நிற்கச் சொன்னாள். இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாறவேண்டாம், பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும் என்றாள்.

"இப்ப மூணையும் திருப்பிச் சொல்லுங்க தாத்தா."

ஷபீகா சொன்னார். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கடுத்தது. ஆனாலும் சொன்னார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நோபேட் ஆறிப்போன சோற்றைத் தின்றார். நிரோஷா ஒரு வேனின் முன்விளக்கு வயரைக் கழற்றினாள், பூட்டினாள், தப்பாகப் பூட்டியது தெரிந்து திரும்பக் கழற்றினாள். இந்நேரம் முதல் வளைவு. இந்நேரம் நீர்வீழ்ச்சிப் பக்கம். போனை எடுக்க நினைத்தாள். ஓட்டுகிறவரைக் குழப்பக்கூடாது என்று கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் தன்னைத் தானே ஏசிக்கொண்ட ஏச்சு, ஷபீகாவுக்கே தெரியாத ஏச்சு.

மூன்றேகாலுக்குப் போன் அடித்தது.

"எறங்கிட்டோம்" என்றார் ஷபீகா. "கம்பளைக்கு வந்தாச்சு."

நிரோஷா வேனின் முன்பம்பரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நோபேட்டைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"றம்பொடையில வளைவுக்குள்ள ஒரு லொறி திரும்பேலாம நிண்டிச்சி" என்றார் ஷபீகா. "எங்கட இவர் அமத்திப் பிடிச்சார். கார் தள்ளல்ல. பஸ் நிண்ட இடத்துலயே காரும் நிண்டிச்சி. லொறிக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் போகலாம், அவ்வளவுதான் இடம். சின்னவன் தூங்கிட்டீந்தான், எழும்பக்கூட இல்ல."

"நல்லது தாத்தா" என்றாள் நிரோஷா.

"நல்லதா? என்ன நல்லது?" ஷபீகாவின் குரல் கிளம்பியது. திங்கட்கிழமைக் குரல் அதேதான். "மனுசி, எண்ட மூணு புள்ளைகளும் அதுக்குள்ள ஈந்திச்சி! நான் ஏசுவேன் எண்டு பயந்தா நீ அத மறச்ச? றம்பொட எறக்கத்த விட எண்ட வாய் பெரிசா ஒனக்கு?"

மழுப்ப நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். நிரோஷாவுக்கு இனி அந்தத் தெம்பு இல்லை.

"அன்னிக்கு அப்பிடித்தான் இருந்துச்சு தாத்தா."

பஸ்ஸுக்குள்ளே பிள்ளைகள் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. ஷபீகாவின் குரல் தணிந்தது, பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

"ஜுமானாவும் அப்டித்தான். போன தவணச் சோதினயில கணக்குல பெயிலாம். நாலு மாசமா எனக்கிட்ட சொல்லல்ல. இப்ப எறங்கி வாற வழியில சொல்ற. நீ போன்ல சொன்னத பக்கத்துல நிண்டு கேட்டுக் கொண்டு ஈந்திச்சி தானே."

"ஏசுனீங்களா தாத்தா?" என்று கேட்டாள் நிரோஷா.

"ஏசினேன். ஏசாம எப்டி ஈக்கிற? றம்பொடையிலிருந்து கம்பளை வரைக்கும் ஏசினேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீயும் கேட்டுக்கோ மகள். இனி ஒண்டு எண்டா நேரா எண்ட மொகத்துக்குச் சொல்லு. நான் ஏசுவேன், அது என்னால விடேலாது. ஏசி முடிச்சிட்டு நீ சொல்றதக் கேப்பேன்."